"அதே ரெண்டு பெக்" - எடை குறைப்பு அறுவைகளான பைபாஸ், ஸ்லீவுக்குப் பிறகு குடி

மார்ச் 3, காலை. ஒரு வாசகர் கேட்டது:

எடை குறைப்புக்காக பைபாஸ் பண்ணி மூணு வருஷம் ஆன ஒருத்தர். அதுக்கு முன்னாடி விசேஷத்துக்கு மட்டும் ரெண்டு பெக். இப்போ தினமும். ஆனா அளவு கூடலை, அதே ரெண்டு பெக்தான். "சாப்பாட்டு ஆசையை அடைச்சாங்க, அது குடி வழியா வெளியே வருது"ன்னு வீட்ல சொல்றாங்க. எனக்கு இது வெறும் மன உறுதி இல்லாததுன்னுதான் படுது. ரெண்டு பெக் குடிக்கிறவரைப் போய் குடிநோயாளின்னு சொல்லலாமா?

மார்ச் 3, இரவு

அந்த "அதே ரெண்டு பெக்" என்கிற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. அது அதே ரெண்டு பெக் இல்லை.

மது இரைப்பையில் கொஞ்சமாகத்தான் உறிஞ்சப்படும். ரத்தத்துக்குப் போகிற பெரும்பகுதி சிறுகுடலில்தான் போகிறது. சாதாரண வயிற்றில் இரைப்பையின் கீழ்வாசலில் ஒரு வளையத் தசை இருக்கிறது. உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடும். சாப்பிட்டிருந்தால் இன்னும் மெதுவாக. வெறும் வயிற்றில் குடிக்காதே என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் காவல்காரன்தான்.

பைபாஸில் இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டுவிட்டு, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். வழியில் அந்தத் தசையே இல்லை. 60 மில்லி விஸ்கியில் தண்ணீர் கலந்தால் 150, 200 மில்லி ஆகிறது. 30 மில்லி பையில் அது எங்கே தங்கும்? இறங்கிய வேகத்தில் குடலுக்குப் போய்விடும்.

இரைப்பைச் சுவரில் மதுவைக் கொஞ்சம் உடைக்கும் நொதியும் உண்டு. பைபாஸில் மது அந்தச் சுவரைத் தொடுவதே குறைவு. இதன் பங்கைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். என் கணிப்பில் அது சில்லறை, வேகம்தான் முதல் காரணம்.

மார்ச் 4

வேகம் வேகம் என்று சொன்னால் போதாது, எண் கொடுக்கிறேன்.

2011-இல் வந்த ஒரு ஆய்வில் 19 பேருக்கு அறுவைக்கு முன்பும், 3 மாதத்திலும், 6 மாதத்திலும் ஒரே அளவு சிவப்பு ஒயின் கொடுத்துப் பார்த்தார்கள். 5 அவுன்ஸ், அதாவது 148 மில்லி. ஒரே ஒரு கிளாஸ். ரத்த மது அளவின் உச்சம் முன்பு 0.024 சதவீதம். 3 மாதத்தில் 0.059. 6 மாதத்தில் 0.088. வண்டி ஓட்டுவதற்கு 0.08 எல்லை வைத்திருக்கும் நாட்டில்கூட ஒரு கிளாஸிலேயே எல்லை தாண்டிவிட்டது. தெளிய எடுத்த நேரம் 49 நிமிடத்திலிருந்து 88 நிமிடமாக நீண்டது.

2015-இல் பெண்களை வைத்துச் செய்த ஒன்றில், பைபாஸ் செய்தவர்களுக்கு உச்சம் சுமார் 5 நிமிடத்தில் வந்தது. அறுவைக்குக் காத்திருந்தவர்களுக்கு சுமார் 25 நிமிடம். உச்ச அளவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரெண்டு கிளாஸ் குடித்தவருக்கு நாலு கிளாஸ் குடித்தவரின் ரத்தம்.

உங்கள் ஆளின் கணக்கை இப்போது போடுங்கள். 60 மில்லி பெக், 42.8 சதவீதம் என்றால் சுத்த மது சுமார் 20 கிராம். ரெண்டு பெக் 40 கிராம். உச்சத்தை வைத்துப் பார்த்தால் உடம்புக்கு அது 80 கிராம் மாதிரி. தினமும்.

மார்ச் 4, பிற்பகல்

"அப்படின்னா பாதி செலவில் முழு போதை, லாபம்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிரிப்புக் குறி போட்டிருக்கிறார், ஆனால் குறி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

ஒரு பொருள் எவ்வளவு பழக்கத்தைப் பிடிக்கும் என்பதில் அது மூளைக்கு ஏறும் வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மெதுவாக ஏறும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டைக்கு யாரும் அடிமையாவதில்லை, சிகரெட்டுக்கு ஆகிறார்கள். பொருள் ஒன்றுதான், வேகம் வேறு. பைபாஸ் செய்துகொண்டவருக்கு அதே பீரும் அதே ஒயினும் சிகரெட் மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்கின்றன. சட்டென்று ஏறுகிறது. உச்சி சட்டென்று சரியவும் செய்கிறது, இன்னொன்று வேண்டும் என்று தோன்றுகிறது. லாபக் கணக்கு அங்கே முடிகிறது.

ஒரு சின்ன முரண் கவனியுங்கள். உச்சி சீக்கிரம் சரிந்தாலும் மது உடம்பை விட்டுப் போக நேரம் ஆகிறது, ஏனென்றால் கல்லீரல் உடைக்கும் வேகம் கூடவில்லை. "போதை இறங்கிடுச்சு" என்று நினைத்துச் சாவியை எடுக்கும்போது ரத்தத்தில் இன்னும் நிறைய இருக்கும்.

மார்ச் 6

வீட்டார் சொன்ன "ஆசை இடம் மாறியது" விஷயம். நேற்று முழுக்க யோசித்தேன். முதலில் அதை அடியோடு மறுத்து எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன். பாதி நியாயம் அதில் இருக்கிறது.

நியாயம் என்னவென்றால், மன உளைச்சலுக்குச் சாப்பாடுதான் வடிகால் என்று இருந்தவருக்கு அந்த வடிகால் அடைபடுகிறது. உணவும் மதுவும் மூளையில் தொடும் பாதைகள் ஒன்றோடொன்று பின்னியவை.

பொருந்தாதது இரண்டு. ஒன்று, ஆசை இடம் மாறுவதுதான் முழுக் காரணம் என்றால், இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடும் முறையிலும் இதே அளவு குடி கூடியிருக்க வேண்டும். அங்கேயும் சாப்பாடு குறைகிறது. ஆனால் பைபாஸ் செய்தவர்களிடம் ஆபத்து பட்டைக்காரர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு, எலிகள். பைபாஸ் செய்த எலிகள் மதுவை அதிகம் நாடுகின்றன. வாய், வயிறு எதையும் தொடாமல் நேராக ரத்தக்குழாயில் மது ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு செய்தபோதும் அதிகம் நாடின. எலிக்கு நிறைவேறாத பிரியாணி ஏக்கமா இருக்கப்போகிறது?

அந்த இரண்டாவது விஷயம் என் மார்ச் 3 குறிப்பையும் கொஞ்சம் குத்துகிறது. வேகம் மட்டுமே காரணம் என்கிற தொனியில் எழுதிவிட்டேன். ரத்தக்குழாய் வழியே போகும்போது வயிற்றின் வேகத்துக்கு வேலையே இல்லை. ஆக, குடல் சுரப்புகள் மாறி மூளை மதுவை ருசிக்கிற விதமும் மாறுகிறது என்றுதான் கொள்ள வேண்டும். வேகம் பெரிய காரணம், ஒரே காரணம் இல்லை.

மார்ச் 6, இரவு

"எல்லாருக்குமா இப்படி ஆகுது?" இல்லை. பெரும்பாலோருக்கு ஆவதில்லை.

அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் நடந்த பெரிய தொடர் ஆய்வின் 2012 அறிக்கையில், குடிநோய் அறிகுறி இருந்தவர்கள் அறுவைக்கு முந்தைய வருடம் 7.6 சதவீதம். முதல் வருடம் 7.3. இரண்டாம் வருடம் 9.6. இதைப் பார்த்து "ரெண்டு சதவீதம்தானே கூடியிருக்கு" என்று தோன்றும். நீண்ட கால அறிக்கை வந்தபோது படம் வேறு. 5 வருடத்துக்குள் புதிதாக அறிகுறி வந்தவர்கள் பைபாஸில் 20.8 சதவீதம், பட்டையில் 11.3.

முதல் வருடத்தில் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வருடம் எல்லாரும் நல்ல பிள்ளை. மாதாமாதம் டாக்டர், எடை சரசரவென்று இறங்குகிறது, டயட்டீஷியன் போனில் பிடிக்கிறார். இரண்டாம் வருடம் எடை நிற்கிறது, பாராட்டும் நிற்கிறது, அப்பாயின்ட்மென்ட் ஆறு மாதத்துக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. பிரச்சினை சரியாக அப்போது வருகிறது.

ஆபத்து கூட உள்ளவர்கள்: ஆண்கள், வயது குறைந்தவர்கள், புகைப்பவர்கள், அறுவைக்கு முன்பே வாடிக்கையாகக் குடித்தவர்கள், வேறு போதைப் பழக்கம் உள்ளவர்கள், நமக்கென்று யாருமில்லை என்ற எண்ணம் உள்ளவர்கள். ஆனால் அறுவைக்குப் பின் முதல் இரண்டு வருடத்தில் குடிநோய் இருந்தவர்களில் பாதிக்கு மேல் அறுவைக்கு முந்தைய வருடத்தில் அது இல்லாதவர்கள். எனவே "அவர் முன்பு குடிகாரர் இல்லையே" என்பது எந்தப் பாதுகாப்பும் இல்லை. மன உறுதிக் கேள்விக்கும் இதுதான் பதில்.

மார்ச் 8. திருத்தம்

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார்: "எனக்கு ஸ்லீவ். குடலை யாரும் தொடவில்லை, கீழ்வாசல் தசையும் அப்படியே இருக்கிறது. நீங்கள் சொல்வது எனக்குப் பொருந்தாது அல்லவா?"

பொருந்தும். பைபாஸையே பேசிக்கொண்டிருந்தது என் தவறு. ஸ்லீவில் இரைப்பையின் 75, 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை விடுகிறார்கள். தசை இருந்தாலும், குழாய் விரிந்து கொடுக்காததால் உள்ளழுத்தம் கூடித் திரவம் வேகமாகவே இறங்குகிறது.

ஸ்லீவ் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், முன்பு வந்த சில ஆய்வுகளிலிருந்து. அவை ஊதிப் பார்க்கும் கருவியால் அளந்தவை. 2018-இல் ரத்தம் எடுத்தே அளந்து பார்த்தபோது ஸ்லீவிலும் உச்சம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊதும் கருவி சுமார் 27 சதவீதம் குறைத்துக் காட்டியது. ஊதுவதற்கு முன் வாயில் ஒட்டிய மது போகும்வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இவர்களுக்கு உச்சி அந்த நிமிடங்களிலேயே வந்து போய்விடுகிறது!

இதே லாஜிக்கில் மார்ச் 4-இல் நான் கொடுத்த 0.088-ம் ஊதும் கருவிக் கணக்குதான். உண்மை உச்சம் அதைவிடக் கூட இருந்திருக்கலாம்.

மார்ச் 9

குடிநோயாளி என்று சொல்லலாமா என்ற முதல் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்வித் தாள் ஒன்று உண்டு, ஆடிட் என்பார்கள். 40-க்கு 8 வந்தால் எச்சரிக்கை. அதன் முதல் மூன்று கேள்விகள் எத்தனை நாள், எத்தனை கிளாஸ், ஒரே அமர்வில் ஆறு அல்லது அதற்கு மேல் எத்தனை முறை என்று போகும். அறுவை செய்தவர் உண்மையைச் சொன்னாலும் இங்கே மார்க் குறைவாகத்தான் வரும். ஆறு கிளாஸ் அவருக்குத் தேவையே இல்லையே. மூன்று கேள்வி மட்டும் வைத்துச் சட்டென்று பார்க்கும் சுருக்கப் பதிப்பில் ஏமாறுவது இன்னும் சுலபம்.

எனவே நாலாவது கேள்வியிலிருந்து ஊன்றிப் பாருங்கள். ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போனதா, செய்ய வேண்டிய வேலை தவறியதா, காலையில் எழுந்ததும் தேவைப்பட்டதா, குற்ற உணர்வு வந்ததா, முந்தைய இரவு நினைவில்லாமல் போனதா, யாருக்காவது அடிபட்டதா, மற்றவர்கள் கவலைப்பட்டார்களா. இதில் எதற்கும் கிளாஸ் கணக்கு வேண்டாம். அவர் விஷயத்தில் இரண்டுக்கு ஆம் என்று வந்தாலே டாக்டரிடம் போகிற நேரம் வந்துவிட்டது.

மார்ச் 9, பிற்சேர்க்கை

ரத்தப் பரிசோதனையில் தெரியாதா என்று கேட்பீர்கள். குடிப்பவர்களுக்குச் சிவப்பணுவின் பருமன் பெருக்கும், அதை வைத்து டாக்டர்கள் மோப்பம் பிடிப்பார்கள். பைபாஸுக்குப் பிறகு அந்த மோப்பம் கெட்டுப்போகிறது. பி12 குறைந்தால் குடிக்காமலே அணு பெருக்கும். இரும்புச்சத்து குறைந்தால் குடித்தாலும் சிறுத்தே இருக்கும். இரண்டும் பைபாஸில் சகஜம்.

நம்பத் தகுந்தது பெத் என்று சுருக்கிச் சொல்லும் பாஸ்பாடிடைல் எத்தனால். உடம்பில் மது இருந்தால் மட்டுமே உருவாகும் பொருள் இது, 2 முதல் 4 வாரம்வரை தடம் நிற்கும். ஒரு மில்லியில் 200 நானோகிராமுக்கு மேல் என்றால் பலத்த குடி. வீட்டார் திருட்டுத்தனமாக எடுக்கிற டெஸ்ட் இல்லை இது. அவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு எடுங்கள்.

மார்ச் 11

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் உயிர் விஷயம்.

பைபாஸ் செய்தவர்களில் சிலருக்குச் சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் சர்க்கரை சரேலென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல், தள்ளாட்டம். பார்ப்பவருக்குக் குடிபோதை மாதிரியே இருக்கும். மதுவோ கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்த இரவில் "ஓவராயிடுச்சு, தூங்கட்டும்" என்று போர்வை போர்த்திவிட்டுப் போகிறார்கள்.

முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் உடனே கவனிக்க வேண்டும், 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தல், ஏறியதும் புரதம் உள்ள ஏதாவது கொஞ்சம். வெறும் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இன்சுலின் பொங்கி மறுபடி இறக்கிவிடும். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸ். குளுககான் ஊசி கையிலிருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். அது கல்லீரல் சேமிப்பைத்தான் அவிழ்த்துவிடும், பட்டினியும் மதுவும் சேர்ந்தவரின் கல்லீரலில் சேமிப்பு காலியாக இருக்கும்.

மார்ச் 11, இரவு

மேலே "குளுக்கோஸ்" என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது தயமின், பி1.

உடம்பில் அதன் மொத்த இருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான், உணவில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அறுவை செய்தவர் குறைவாகச் சாப்பிடுகிறார், வாந்தி எடுக்கிறார், மது வேறு குடல் அதை உறிஞ்சுவதைக் கெடுக்கிறது. மூன்று பக்கமும் அடி. அது தீர்ந்தால் வருவது வெர்னிக்கே என்னும் மூளைப் பாதிப்பு: கண் அசைவு கெடும், நடை அகலும், குழப்பம். மூன்றும் சேர்ந்து வருவது அபூர்வம், ஒன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

வாந்தியோடு போனவருக்கு அவசரப் பிரிவில் முதலில் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் தொங்கவிட்டால், மிச்சமிருக்கும் தயமினையும் அது இழுத்துத் தீர்த்துவிடும். எனவே தயமின் முதலில், அல்லது கூடவே. சந்தேகம் வலுவாக இருந்தால் 500 மில்லிகிராம் நரம்பு வழியே, நாளுக்கு மூன்று முறை, இரண்டு மூன்று நாள். மக்னீசியம் குறைவாக இருந்தால் அதையும் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தயமின் வேலை செய்யாது. ஆனால் சர்க்கரை 40-இல் கிடப்பவருக்குத் தயமின் வரட்டும் என்று குளுக்கோஸைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டையும் ஒரே கையோடு கொடுக்க வேண்டும்.

தினசரிப் பாதுகாப்புக்கு அறுவை செய்தவர் எல்லாருக்கும் குறைந்தது 12 மில்லிகிராம், முடிந்தால் 50. சாதாரண சத்து மாத்திரை பலவற்றில் அவ்வளவு இருக்காது. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

மார்ச் 14

"நாளையிலிருந்து நிறுத்துறேன்னு சத்தியம் பண்ணியிருக்கார்" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்ல செய்திதான், ஆனால் நாளையிலிருந்து வேண்டாம்.

தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்தில் சிலருக்கு மாயக்காட்சியோடு ஜன்னி. "ரெண்டு பெக்தானே" என்று டாக்டரும் அசட்டையாக விட வாய்ப்பிருக்கிறது, மார்ச் 4 கணக்கைக் காட்டுங்கள். முன்பு எப்போதாவது நிறுத்தும்போது வலிப்பு வந்தவர் வீட்டில் முயலவே கூடாது.

நிறுத்திய பிறகு, மறுபடி குடிக்காமலிருக்கத் தரும் மருந்துகளில் அறுவை செய்தவருக்கென்று கண்ணிகள் உண்டு.

நால்ட்ரெக்ஸோன், 50 மில்லிகிராம் தினம் ஒன்று, ஆசையைத் தணிக்கும். ஆனால் பைபாஸ்காரருக்கு ஐபுப்ரொஃபென் வகையறா புண் உண்டாக்கும் என்று தடுத்து, முட்டிவலிக்கு அபின் வகை வலிமருந்தான ட்ரமடால் எழுதியிருப்பார்கள். ட்ரமடால் உள்ளே இருக்கும்போது நால்ட்ரெக்ஸோன் போட்டால் விலகல் அவஸ்தை சட்டென்று வெடிக்கும். 7 முதல் 10 நாள் இடைவெளி வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம் மாத்திரை, ஒரு வேளைக்கு இரண்டு, நாளுக்கு ஆறு. மேலே பூச்சு உள்ளது, பொடித்துப் போடக் கூடாது. சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். டோபிரமேட் எடையையும் குறைக்கும் என்று ஆசை காட்டும், ஆனால் அது சிறுநீரகக் கல்லை வளர்க்கும், பைபாஸுக்கே அந்தக் குணம் இருக்கிறது. டைசல்பிரம் போட்டுக்கொண்டு குடித்தால் ரத்த அழுத்தம் சரியும். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் வேலையெல்லாம் கொலைக்குச் சமம்.

மார்ச் 15

புதிர் ஒன்று, பதில் இல்லாமல். எடை குறைக்கும் செமாக்ளுடைட் ஊசி குடி ஆசையைக் குறைக்கிறது என்று 48 பேரை வைத்த ஒரு சிறிய சோதனை 2025-இல் வந்தது. அந்த மருந்து பின்பற்றுகிற அதே குடல் சுரப்பு பைபாஸுக்குப் பிறகு சாப்பிட்டதும் தாராளமாக ஏறுகிறது. அப்படியானால் பைபாஸ்காரருக்குக் குடி ஆசை குறைந்திருக்க வேண்டுமே? சாப்பாட்டுக்குப் பின் சற்று நேரம் ஏறி இறங்குவதும், வாரம் முழுக்க நிலையாக நிற்பதும் வேறு வேறு என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

மார்ச் 19

கேள்வி கேட்டவரிடமிருந்து: "மருத்துவமனையில் சேர்த்தாச்சு. அறுவை பண்ணினது வேற ஊர், பேப்பர் எதுவும் கையில இல்லை. நர்ஸ் என்ன அறுவைன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியலை."

ஒரு சீட்டு எழுதி அவர் பர்ஸில் வையுங்கள், ஒன்றைப் போனில் படமெடுத்து வையுங்கள். ஐந்து வரி போதும்.

இரைப்பை பைபாஸ், செய்த வருடம்.
வாந்தி அல்லது குழப்பம் என்றால் குளுக்கோஸோடு தயமின் கட்டாயம்.
ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது.
மூக்கு வழியே வயிற்றுக்குள் விடும் குழாயை அறுவை தெரிந்தவர் இல்லாமல் போட வேண்டாம்.
கடைசியாகக் குடித்த நாளும் நேரமும்.

ஐந்தாவது வரியை மட்டும் பென்சிலில் எழுதுங்கள்.